எண்கோணத்துக்குள் இரண்டெழுத்து

சென்னையில் எந்த சிக்னலில் நின்றாலும், எண்கோணக் கட்டத்துக்குள் எம், ஜி என்று இரண்டு ஆங்கில எழுத்து பொறித்த ஒரு வண்டி பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. ஹெக்டர், ஆஸ்டர், வின்ட்சர் என்று பெயர்கள். எல்லாமே உயரமான வண்டிகள். கண்ணாடியை முழுக்க ஏற்றி, உள்ளே ஏசி போட்டு, டாஷ்போர்டில் குட்டி டிவி சைஸுக்கு ஒரு திரை. நம்மூரில் எம்.ஜி. என்றால் அடுத்து ஓர் ஆர் வந்தாக வேண்டும் என்பதாலோ என்னவோ, அந்த எழுத்துகளின் விரிவு என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. மோரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் கார் விற்று, ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கடையின் பெயர். அந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன வண்டியில் கண்ணாடி ஏற்றும் வேலையே இல்லை, ஏனென்றால் அதன் கதவில் கண்ணாடியே கிடையாது. கூரை என்று ஒன்று இருந்தது. அதைக் கூரை என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம்.

சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில், ஊர்க்கார அண்ணன் ஒருவர் என்னைத் தன்னுடைய பழைய ரோட்ஸ்டரில் ஏற்றிக்கொண்டு போனார். ரோட்ஸ்டர் என்றால் இரண்டே சீட், கேன்வாஸ் கூரை, தரையோடு தரையாக ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை, அண்ணன் கோபித்துக்கொள்வார்.

"ஏறு தம்பி. மழை வந்தா சொல்லு, நிறுத்திடலாம்."

"மழை வந்தா மேல மூடிடலாமே அண்ணே?"

"அதைத்தான் சொல்றேன். மூடுறதுக்குத்தான் நிறுத்தணும்."

அரை மணி நேரத்தில் மழை வந்தது. இறங்கினோம். டிக்கியிலிருந்து இரும்புக் கம்பிச் சட்டத்தை எடுத்து மாட்டி, அதன்மேல் கேன்வாஸைப் போர்த்தி, ஓரமெல்லாம் பிரஸ் பட்டன் போட்டு முடிப்பதற்குள் மழை நின்றுவிட்டது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். அண்ணன் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பும் பின்பும் இருந்த பயணம் அபாரம். அறுபது கிலோமீட்டர் வேகமே நூற்றிருபது போல இருந்தது. சீட் அத்தனை தாழ்வு, கையை வெளியே நீட்டினால் ரோட்டைத் தொடலாம் போலிருந்தது. வெட்டிய புல்லின் வாசனை, ஈரத் தார், யாரோ வீட்டு அடுப்பு எல்லாம் வரிசையாக வந்து மூக்கில் மோதிவிட்டுப் போயின. வெயில் நமக்குத் தண்டனை, அவர்களுக்கு லாட்டரி என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

திரும்பி வரும்போது அண்ணன் ஒன்று சொன்னார்: "ரிப்பேரே ஆகாத வண்டியில என்ன தம்பி இருக்கு?" இப்படிப்பட்ட கார் வைத்திருக்கிற எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். ஆயில் ஒழுகுவதுதான் அதன் குணம், ஸ்டார்ட் ஆகாததுதான் அதன் அழகு. எனக்கு இது அப்போதே உறுத்தியது. ஒழுகாத வண்டி செய்யத் தெரியாமலா ஒழுகும் வண்டி செய்தார்கள்? அதற்கு யாராவது விலை கொடுத்திருப்பார்களே, யார் அது? அந்தக் கேள்வியோடு போனால் கதை அபிங்டன் என்ற ஊரில் போய் நிற்கிறது.

*

1920களில் மோரிஸ் கராஜஸின் மேலாளராக இருந்தவர் செசில் கிம்பர். முதலாளி வில்லியம் மோரிஸ் குடும்பங்களுக்கான மலிவான கார்கள் செய்து பெரும் பணக்காரர் ஆனவர். கிம்பர் அதே மலிவான கார்களை எடுத்து, அழகான உடம்பைப் போர்த்தி, கொஞ்சம் முறுக்கேற்றி விற்க ஆரம்பித்தார். 1928 லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைத்த எம்-டைப் மிட்ஜெட்டில்தான் அசல் வித்தை இருந்தது. கீழே மோரிஸ் மைனர் என்ற சாதாரணக் குட்டிக் காரின் சேஸிஸ், 847 சிசி இன்ஜின். மேலே மரச்சட்டத்தில் துணி இழுத்துக் கட்டிய, படகு போலக் கூர்ந்த பின்புறம். விலை 175 பவுண்டு. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பிரபு வீட்டுப் பிள்ளைகளின் சொத்து என்றிருந்த காலத்தில் ஒரு பள்ளி ஆசிரியரோ குமாஸ்தாவோ கனவு காணக்கூடிய விலை.

இந்த ஒரு முடிவிலிருந்துதான் பின்னால் வந்த சந்தோஷம், எரிச்சல் இரண்டுமே கிளம்புகின்றன. சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஏழை வீட்டுப் பிள்ளை. அண்ணன் போட்ட சட்டையைத்தான் அது போடும். குடும்பக் காரின் இன்ஜின், குடும்பக் காரின் கியர்பாக்ஸ், குடும்பக் காரின் அச்சு. அதனால்தான் வாங்க முடிந்தது, அதனால்தான் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துக்கொள்ள முடிந்தது. புதிதாக எதையும் சொந்தமாகச் செய்துகொள்ள அதற்கு ஒருபோதும் பணம் ஒதுக்கப்படாததற்கும் அதுவேதான் காரணம்.

1929-இல் எம்ஜி அபிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் கரையில் ஒரு சிற்றூர். ஒரு தோல் தொழிற்சாலையின் உபரிக் கட்டடத்தில் வேலை தொடங்கியது. தொழிற்சாலை என்றதும் டெட்ராய்ட் மாதிரி நகரும் பெல்ட்டைக் கற்பனை செய்ய வேண்டாம். அபிங்டனில் கடைசிவரை வண்டியைக் கையால்தான் அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டார்கள்.

கிம்பர் 1941-இல் கம்பெனியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நடந்த ஒரு ரயில் விபத்தில் இறந்துபோனார். அவர் உண்டாக்கிய வண்டியை அமெரிக்கா கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

*

போர் முடிந்த பிரிட்டனில் ரேஷன். இரும்பும் ரேஷன்தான். ஏற்றுமதி செய்து டாலர் கொண்டுவருகிறவனுக்கு ஸ்டீல், மற்றவனுக்கு இல்லை என்பது அரசாங்கத்தின் நிலை. அபிங்டன் 1945-இல் டிசி என்ற வண்டியை வெளியே விட்டது. அப்போதே அது பழைய வண்டி. மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்த உடம்பு, சைக்கிள் சக்கரம் போல மெல்லிய 19 அங்குல ஸ்போக் வீல், 1250 சிசி இன்ஜினில் 54 குதிரைத்திறன். முன்கண்ணாடியை மடித்துப் படுக்க வைக்கலாம். ஸ்டீயரிங் வலது பக்கம் மட்டுமே, அமெரிக்காவுக்காக அதைக்கூட மாற்றவில்லை.

நான்கு ஆண்டுகளில் 10,000 வண்டிகள் செய்தார்கள். அதில் அமெரிக்கா போனவை சுமார் 2,000தான். ஆனால் அந்த 2,000 செய்த வேலை பெரியது. படுக்கையறை சைஸுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்த ஊரில், வளைவில் திருப்பினால் உடனே திரும்புகிற ஒரு பொருள் வந்து இறங்கியது. 1961-இல் ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆன ஃபில் ஹில் பந்தயம் ஓட்டத் தொடங்கிய காலத்து வண்டி டிசி. பின்னால் கோப்ரா கார்கள் செய்த கரோல் ஷெல்பியும் முதலில் பந்தயத்தில் ஓட்டியது டிசிதான்.

வாங்கியவன் மறுநாள் ஸ்பேனரை எடுத்தபோது வேடிக்கை ஆரம்பித்தது. அமெரிக்க ஸ்பேனர் எதுவும் பொருந்தாது. சரி, பிரிட்டிஷ் அளவு விட்வொர்த் ஸ்பேனர் வாங்கினால் போல்ட் கழன்றுவிடும். ஆனால் அந்தப் போல்ட் தொலைந்துபோனால் விட்வொர்த் போல்ட் உள்ளே ஏறாது, ஏனென்றால் மரை மெட்ரிக்! விஷயம் என்னவென்றால், 1923-இல் மோரிஸ் விலைக்கு வாங்கிய இன்ஜின் தொழிற்சாலை ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டுபவை. புது இயந்திரம் வாங்குவானேன் என்று மரையைப் பிரெஞ்சாகவே விட்டுவிட்டு, உள்ளூர் மெக்கானிக்கின் ஸ்பேனருக்காகப் போல்ட் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள். 25 வருடம் கழித்துக் கலிஃபோர்னியாவில் ஒருவன் காருக்கடியில் படுத்துக்கொண்டு அந்தச் சிக்கனத்தின் பலனை அனுபவித்தான்.

டிசிக்குப் பின் டிடி, டிஎஃப், 1955-இல் எம்ஜிஏ. எம்ஜிஏ ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த ரோட்ஸ்டரின் கதவிலும் வெளியே கைப்பிடி கிடையாது. பக்கத் திரைக்குள் கையை விட்டு உள்ளே இருக்கும் கயிற்றை இழுக்க வேண்டும். 1962-இல் வந்த எம்ஜிபியில்தான் ஒருவழியாகக் கைப்பிடியும், ஏற்றி இறக்கும் கண்ணாடியும் வந்தன. ரேடியேட்டரையும் கிரில்லையும் தவிர எல்லாமே குடும்பக் காரின் பாகங்கள் என்று கேலி செய்தாலும், அந்த உடம்பின் அழகை யாரும் மறுக்கவில்லை. 1980 வரை அதையே செய்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேல்.

*

எம்ஜிபி வைத்திருந்தவர்களின் சங்கடங்கள் எல்லாமே ஒரே குடும்பத்து ஆட்கள். 1974 வரை இந்தக் காருக்கு ஒரு பேட்டரி கிடையாது. ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, சீட்டுகளுக்குப் பின்னால் தரைக்கடியில் ஒளிந்திருக்கும். பார்க்க வேண்டுமென்றால் பின்னால் வைத்த சாமானை எல்லாம் இறக்கி, மூடியைத் திறந்து, குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். அதனால் யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் வற்றி ஒருநாள் உயிரை விடும். பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. அதன் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் நடுரோட்டில் நிற்கும். வைத்தியம்: இறங்கி, பம்ப் இருக்கும் இடத்தில் ஸ்பேனராலோ செருப்பாலோ ஒரு தட்டு. டிக் டிக் டிக் என்று சத்தம் வரும். வண்டி கிளம்பும்.

வயரிங் பற்றிய நகைச்சுவைக்கு ஒரு தனி இலக்கியமே உண்டு. விளக்கு, டைனமோ, சுவிட்ச் எல்லாம் பர்மிங்காமின் லூகாஸ் கம்பெனி செய்தவை. சைக்கிள் விளக்குகளுக்கு 'சாலையின் அரசன்' என்று பெயர் வைத்து விற்ற அந்தக் கம்பெனிக்கு, கார்க்காரர்கள் 'இருளின் இளவரசன்' என்று பட்டம் கொடுத்தார்கள். நம்மூர் ஆட்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1961-இல் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து அவர்கள் பாடியில் தொழிற்சாலை போட்டார்கள். 'லூகாஸ் இறங்குறவங்கல்லாம் வாங்க' என்று கண்டக்டர் கூப்பிடும் குரலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அப்போது அது ஒரு பஸ் ஸ்டாப், அவ்வளவுதான். அந்தப் பெயரைச் சொன்னால் உலகத்தின் இன்னொரு மூலையில் வயதானவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

கேலி கொஞ்சம் அநியாயம் என்றும் சொல்லிவிடலாம். ஆரம்பகால எம்ஜிபி முழுவதற்கும் இரண்டே ஃபியூஸ். பல வயர்களுக்கு ஃபியூஸ் பாதுகாப்பே இல்லை. அதை முடிவு செய்தது விளக்கு செய்தவன் அல்ல, காசு எண்ணியவன். அது போக, துருப்பிடித்த எர்த் இணைப்பும், முந்தைய ஓனர் டேப் சுற்றி ஒட்டுப்போட்ட வயரும் யார் கணக்கில் வரும்?

இதே வண்டியின் சந்தோஷமும் அந்த பானெட்டுக்கு அடியில்தான் இருந்தது. எஸ்யு கார்புரேட்டர்கள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதைச் சரிபார்க்க மெஷின் வேண்டாம், ஒரு ரப்பர் டியூப் போதும். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். முதலாவதின் 'ஸ்ஸ்ஸ்' கேட்டு, இரண்டாவதின் 'ஸ்ஸ்ஸ்' கேட்டு, இரண்டும் ஒரே சுருதியில் வரும்வரை ஸ்க்ரூவைத் திருக வேண்டும். தம்பூரா சேர்ப்பது மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலை அதைச் செய்து முடித்துவிட்டு, கூரையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊருக்கு வெளியே ஒரு ரவுண்டு போய் வருகிறவனின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். அண்ணன் சொன்னது இதைத்தான் என்றால், எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கார்புரேட்டரைச் சுருதி சேர்ப்பது வேறு, செருப்பால் பம்பை அடிப்பது வேறு. முதலாவதில் வண்டியை உனக்குப் புரிகிறது. இரண்டாவதில் யாரோ மிச்சம் பிடித்த காசுக்கு நீ மழையில் நிற்கிறாய்.

*

ரோட்ஸ்டர் கதையில் மெட்ராஸுக்கும் ஓர் உறவு இருக்கிறது. எங்கள் பெரியப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருந்தது. அதன் பானெட் மற்ற கார் மாதிரித் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து மொத்த மூக்கும் முன்பக்கமாகக் கவிழும். பெரியப்பா முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜினைத் துடைப்பார்.

இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்று வந்த கார் அது. ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் கம்பெனிக்கு முழு பாடி அடித்துக் கொடுத்திருக்க வேண்டிய தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனி சேஸிஸ் செய்து, அதன்மேல் துண்டு துண்டாகத் தகடுகளை போல்ட் போட்டு மாட்டுவது என்று முடிவு செய்தார்கள். உருவம் கொடுத்தவர் டூரின் நகரத்து ஜியோவானி மிகெலோட்டி. துண்டு துண்டாக மாட்டுகிற கார் என்பதால் கப்பலில் அனுப்பி வெளிநாட்டில் கோப்பதும் சுலபம். 1961-இலிருந்து வண்டலூர் பக்கம் அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக வெளிவந்தது. அதற்கு அடுத்த வருடம் அதே சேஸிஸை நீளம் குறைத்து, அதே மிகெலோட்டி மேலே ஒரு ரோட்ஸ்டரை வரைந்தார். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். எம்ஜி மிட்ஜெட்டின் நேரடிப் போட்டியாளர். அதன் மூக்கும் முழுசாக முன்னால் கவிழும். பெரியப்பா டாக்டரைப் பார்க்கப் போன காருக்கு, கூரை இல்லாத ஒரு சித்தப்பா மகன் கலிஃபோர்னியாவில் இருந்தான் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

*

1968-இல் எம்ஜி, டிரையம்ஃப், ஆஸ்டின், ஜாகுவார் எல்லாம் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கூரைக்கு அடியில் வந்தன. நேற்றுவரை சண்டைக்காரர்கள், இன்று பங்காளிகள். பங்காளிச் சண்டையில் அபிங்டனுக்குக் கிடைத்தது கடைசிப் பந்தி. எம்ஜிபிக்குப் பதிலாகப் புது வண்டி செய்யப் பணம் தரப்படவில்லை. அமெரிக்காவின் மோதல் பாதுகாப்பு விதிகள் வந்தபோது, 1974-இல், பளபளவென்றிருந்த குரோம் பம்பரை எடுத்துவிட்டு ஒரு கறுப்பு ரப்பர் மூக்கை ஒட்டினார்கள். ஹெட்லைட் உயரம் போதாது என்று மொத்தக் காரையும் ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். தாழ்வாக இருப்பதுதான் அந்த வண்டியின் உயிரே. புகை விதிகளுக்காகக் கார்புரேட்டரில் ஒன்றைப் பிடுங்கினார்கள். 95 குதிரைத்திறனில் தொடங்கிய கார், அமெரிக்காவில் 70-க்கும் கீழே இறங்கியது.

அப்படியும் வாங்கினார்கள். அதுதான் ஆச்சரியம்.

1979 செப்டம்பரில் அபிங்டன் ஊரே திருவிழாக் கோலம். எம்ஜி அங்கே வந்து ஐம்பது வருடம். ஊர்வலம், பழைய கார்கள், கூட்டம். உள்ளூர் மோர்லேண்ட் பீர் ஆலை இதற்காகவே ஒரு புது பீர் காய்ச்சியது. தொழிற்சாலைக்குள் சாமான் ஏற்றிக்கொண்டு சுற்றி, பெயின்ட் தெறித்துத் தெறித்துப் புள்ளிக்கோழி மாதிரி ஆகிவிட்ட ஒரு பழைய எம்ஜியின் பட்டப்பெயர் அதற்கு: ஓல்ட் ஸ்பெக்கிள்டு ஹென். விழா முடிந்த மறுநாள், செப்டம்பர் 10, திங்கட்கிழமை. தொழிற்சாலை மூடப்படும் என்று பிரிட்டிஷ் லேலண்ட் அறிவித்தது.

கம்பெனி காட்டிய கணக்கு பொய்யில்லை. 1976 கடைசியில் ஒரு பவுண்டுக்குச் சுமார் 1.60 டாலர். 1980-இல் அது 2.40-ஐத் தொட்டது. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் நஷ்டம் என்றார்கள். ஆனால் அதே டாலர், அதே நஷ்டம் டிரையம்ஃப் டிஆர்7 காருக்கும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் லேலண்டிலேயே வேலைநிறுத்தம் குறைவு என்று பெயரெடுத்த அபிங்டனை மூடினார்கள். ஆஸ்டன் மார்ட்டின் தலைவர் ஆலன் கர்ட்டிஸ் ஒரு குழுவைச் சேர்த்துத் தொழிற்சாலையை வாங்கப் பார்த்தார், பணம் தேறவில்லை. 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபியைக் கையால் தள்ளி வெளியே விட்டார்கள்.

'ஒழுகுவதுதான் அழகு' என்று சொல்கிறவர்களிடம் எனக்குள்ள கோபம் இதுதான். அபிங்டன்காரர்கள் ஒழுகாத கூரை செய்யக் காசு கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஓனர் பம்பைத் தட்டிவிட்டு, கதை சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது என்று வீட்டுக்குப் போய்விட்டார். வேலை போனவருக்கு அந்த பீர் மட்டும் மிஞ்சியது. பின்னாளில் மோர்லேண்ட் ஆலையும் விற்கப்பட்டு மூடப்பட்டது. பீர் இன்றும் கிடைக்கிறது, வேறு ஊரில் காய்ச்சுகிறார்கள்.

*

அதே 1979-இல் ஹிரோஷிமாவில் மாஸ்டா கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர் கெனிச்சி யமமோட்டோ, தன்னைப் பார்க்க வந்த பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் நாங்கள் எந்த மாதிரிக் கார் செய்ய வேண்டும் என்று கேட்டார். ஹால் பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களின் பைத்தியம். அவற்றை இனி யாரும் செய்யப்போவதில்லை, நீங்கள் செய்யுங்கள் என்றார். பிறகு அவரே மாஸ்டாவின் கலிஃபோர்னியா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். யமமோட்டோவின் மனதைக் கரைக்க ஒரு ஸ்பிட்ஃபயரைக் கொடுத்து ஹகோனே மலைச் சாலையில் ஓட்டச் செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை முழுக்க நிஜமோ என்னவோ, பெரியப்பா காரின் உறவுக்காரன் அந்த வேலையைச் செய்திருக்கிறான் என்று நம்ப எனக்கு ஆசை.

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 வந்தது. அமெரிக்காவில் மியாட்டா என்று பெயர். 1600 சிசி, எடை ஒரு டன்னுக்கும் கீழே, விலை 13,800 டாலர். பொறுப்பாளர் தோஷிஹிகோ ஹிராயின் குழு, குதிரையும் வீரனும் ஒரே உடல் என்ற பொருளில் 'ஜின்பா இத்தாய்' என்பதைத் தாரக மந்திரமாக வைத்திருந்தது. சைலன்சர் சத்தம் பழைய ரோட்ஸ்டர் மாதிரி வர வேண்டும் என்று அதற்கென்றே உழைத்தார்கள். ஆனால் கூரையை டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே ஒற்றைக் கையால் மூடலாம். காலையில் சாவியைத் திருகினால் ஸ்டார்ட் ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம். 2016-இல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. காற்று, வெயில், வளைவு எதையும் இழக்காமல் எரிச்சலை மட்டும் பிரித்தெடுக்க முடியும் என்று அபிங்டன் மூடிய ஒன்பதாவது வருடத்தில் காட்டிவிட்டார்கள். அபிங்டனுக்கும் தெரிந்த வித்தைதான் அது.

இதற்குள் இங்கிலாந்தில் இன்னொன்று நடந்திருந்தது. எம்ஜிபியின் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988-இலிருந்து முழு உடம்பையே புதிதாக அடித்து விற்க ஆரம்பித்தார்கள். கார் செத்துவிட்டது, ஸ்பேர் பார்ட்ஸ் சாகவில்லை. மியாட்டாவின் வெற்றியைப் பார்த்து எம்ஜி முதலாளிகளுக்கும் ஆசை வந்தது. அந்த உடம்பிலேயே வி8 இன்ஜின் வைத்து 1992-இல் ஆர்வி8 என்று சுமார் 2,000 கார் செய்தார்கள். வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜப்பானியர்கள். பிரிட்டிஷ் ஏக்கத்தை ஜப்பான் செய்து அமெரிக்காவுக்கு விற்றது, பிரிட்டன் அதே ஏக்கத்தை ஜப்பானுக்கு விற்றது. அந்த ஆர்வி8-களில் பல பின்னால் மறுபடி கப்பல் ஏறி இங்கிலாந்துக்கே திரும்பின.

எம்எக்ஸ்-5-க்கும் வயதாகிவிட்டது. 2017-இல் மாஸ்டாவே முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் ஒரு திட்டத்தை ஜப்பானில் தொடங்கி, நிறுத்திவிட்ட பாகங்கள் சிலவற்றை மறுபடி செய்யத் தொடங்கியது. பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளடித்து வெடிக்கிறது. கதவுக்குக் கீழே தகடு துருப்பிடிக்கிறது. கூரை மடியும் இடத்தின் இரு ஓரங்களிலும் மழைத்தண்ணீர் வடிய இரண்டு துளைகள் உண்டு. காய்ந்த இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் சீட்டுக்கு அடியில் தேங்கும். ஒரு நீளமான வளையும் கம்பியை, துளைக்குள் இருக்கும் குழாய் கிழியாமல் மெதுவாக விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை.